செயற்கைக்கோள் வானொலியும் உள்ளூர் மக்களும்: விருதுநகர் மாவட்டத்தை முன்வைத்து ஒரு பார்வை

செயற்கைக்கோள் வானொலி என்பது, தரையில் நிற்கும் கோபுரத்திலிருந்து அல்லாமல், விண்வெளியில் உள்ள செயற்கைக்கோளிலிருந்து கேட்பவரின் கருவிக்கு நேரடியாக ஒலிபரப்பை அனுப்பும் முறையாகும். இந்தியாவில் வேர்ல்டுஸ்பேஸ் என்னும் நிறுவனம் 2009ஆம் ஆண்டின் இறுதி வரை இச்சேவையை வழங்கி வந்தது. ஒரே ஒலிபரப்பு ஒரு கண்டத்தின் பெரும்பகுதியில் ஒரே தெளிவோடு கேட்கும் என்பது இம்முறையின் சிறப்பு. கண்டம் முழுவதற்கும் பேசும் ஒரு குரல், ஒரு வட்டத்துக்கோ ஓர் ஊராட்சிக்கோ பயன்படுமா என்பது அதனோடு எழும் கேள்வி. விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் உள்ள பட்டாசுத் தொழிலைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அக்கேள்வியை ஆராய்கிறது.

இயங்கும் முறை

வானொலிக்கான செயற்கைக்கோள்கள் பல, நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றுகின்றன. எனவே தரையிலிருந்து பார்ப்பவருக்கு அவை வானில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். நிகழ்ச்சி முதலில் தரைநிலையம் ஒன்றிலிருந்து மேலே அனுப்பப்படும். செயற்கைக்கோள் அதைப் பெற்று, கற்றையாகக் கீழே திருப்பி அனுப்பும். கற்றை விழும் பரப்புக்குள் எங்கிருந்தாலும் கேட்கலாம். காடா, மலையா, பாலைவனமா என்று அது பார்ப்பதில்லை.

ஆனால் கருவியின் சிறு அலைவாங்கி செயற்கைக்கோளை நேராகப் 'பார்க்க' வேண்டும். கான்கிரீட் கூரைக்கு உள்ளே அலை நுழைவது கடினம். வேர்ல்டுஸ்பேஸ் கருவி வைத்திருந்தவர்கள் அலைவாங்கியைச் சன்னலோரத்திலோ மொட்டைமாடியிலோ வைத்து, கம்பியை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம்.

இங்கு ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். அகில இந்திய வானொலியும் பல ஆண்டுகளாகச் செயற்கைக்கோளைப் பயன்படுத்தி வருகிறது. தில்லியிலிருந்து வரும் செய்தி இன்சாட் வகைச் செயற்கைக்கோள் வழியாகவே பல நிலையங்களை அடைந்து, அங்குள்ள கோபுரங்களிலிருந்து நம் பெட்டிக்கு வருகிறது. அதைச் செயற்கைக்கோள் வானொலி என்று யாரும் சொல்வதில்லை. இடையில் ஒரு நிலையம் இருக்கிறதா இல்லையா என்பதே வேறுபாடு. இந்த வேறுபாடு கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

வேர்ல்டுஸ்பேஸ் கண்ட வாழ்வும் முடிவும்

எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990இல் வேர்ல்டுஸ்பேஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பத்திரிகையோ தொலைபேசியோ எட்டாத மக்களுக்கு வானொலி வழியாகத் தகவல் சேர்ப்பது தொடக்ககால நோக்கமாகச் சொல்லப்பட்டது. 1998 அக்டோபரில் ஆப்ரிஸ்டார், 2000 மார்ச்சில் ஆசியாஸ்டார் ஆகிய செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. ஒவ்வொன்றும் 3 கற்றைகளை அனுப்பக்கூடியது.

இந்தியாவில் இச்சேவை கட்டணச் சேவையாக வளர்ந்தது. கருவியை விலைக்கு வாங்கி, அதன்பின் சந்தாவும் செலுத்த வேண்டும். கருநாடக இசைக்குச் 'சுருதி', இந்துஸ்தானி இசைக்குக் 'காந்தர்வ்', தமிழுக்குக் 'கே.எல். ரேடியோ' எனத் தனித்தனி அலைவரிசைகள் இருந்தன. ஏ. ஆர். ரகுமான் அதன் விளம்பர முகமாக இருந்தார். விளம்பர இடைஞ்சல் இல்லாமல் நல்ல இசை கேட்கக் கிடைத்ததால், அதை இன்றும் நினைத்து ஏங்கும் இரசிகர்கள் உண்டு. அந்த அளவில் அது நற்பணியே செய்தது.

எனினும் தமிழ் அலைவரிசையில் ஒலித்த பாடல் சிவகாசியில் எப்படி ஒலித்ததோ அப்படியேதான் சென்னையிலும் ஒலித்தது. மொழி தமிழாக இருந்தது. ஊர் எதுவும் அதில் இல்லை. மொழிச்சேவையும் உள்ளூர்ச்சேவையும் ஒன்றென்று எண்ணுவது இத்துறையில் அடிக்கடி நேரும் குழப்பம்.

2008 அக்டோபரில் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியது. அதன் சந்தாதாரர்களில் மிகப் பெரும்பான்மையோர் இந்தியர்கள். 2009 டிசம்பர் 31ஆம் நாளோடு இந்தியச் சேவை நின்றது. அதற்கென்றே செய்யப்பட்ட கருவிகளில் மறுநாள் காலையில் வேறெந்த நிலையமும் கேட்கவில்லை. எங்கோ நடந்த ஒரு வழக்கின் விளைவாக இங்கே வீட்டு அலமாரியில் இருந்த பெட்டி ஊமையானது. தகவலுக்காக அதை நம்பியிருந்த ஓர் ஊர் இருந்திருந்தால் அதன் நிலை என்ன என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

சிவகாசிக்கு எது உள்ளூர்ச் செய்தி?

விருதுநகர் மாவட்டம் 1985இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 4,200 சதுர கிலோமீட்டர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 19.42 லட்சம் பேர் வாழ்ந்தனர். மேற்கே இராசபாளையம், வத்திராயிருப்புப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் வறண்ட சமவெளி. மலையடிவாரத்தில் கொட்டும் மழை அருப்புக்கோட்டைக்கு வராமலே போவதுண்டு. ஆகவே ஒரு மாவட்டத்துக்கான முன்னறிவிப்புகூட இங்கு எல்லா ஊருக்கும் பொருந்துவதில்லை.

பட்டாசுத் தொழிலுக்கு வானிலை உயிர்நாடி. மருந்துக் கலவையைக் காலை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும் என்பது அனுபவமும் விதியும் ஒருங்கே சொல்வது. அலுமினியத் தூள் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது தானாகச் சூடேறக்கூடும். முதல்நாள் மீந்த கலவையை மறுநாள் தொட்டபோது நேர்ந்த விபத்துகள் பல. வெட்டவெளி மேடையில் சரக்கு காய்ந்துகொண்டிருக்கும்போது திடீர் மழை வந்தாலும் ஆபத்து, இடி இறங்கினாலும் ஆபத்து. மேகம் கூடி இடிக்கத் தொடங்கினால் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது வெடிபொருள் விதிகளின் கட்டளை. 'தென்மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை' என்ற அறிவிப்பால் ஒரு போர்மேன் என்ன முடிவெடுக்க முடியும்? வெம்பக்கோட்டைப் பக்கம் பகல் 2 மணிக்குமேல் இடி என்றால் அவர் முடிவெடுப்பார்.

வானிலை மட்டுமன்று. 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, குறைந்த மாசு தரும் பட்டாசுகளையே அனுமதித்தது. அதைத் தொடர்ந்து சிவகாசி வட்டாரத்து ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்தன. தீர்ப்பு நாடு முழுவதும் செய்தியானது. எல்லா அலைவரிசைகளும் அதைச் சொல்லின. ஆனால் வேலையின்றி வீட்டில் இருந்த தொழிலாளிக்கு வேண்டியது வேறு. எந்த ஆலை என்று திறக்கிறது, நின்றுபோன நாட்களுக்கு ஏதேனும் உதவி உண்டா, சேமநல நிதியிலிருந்து பணம் எடுக்க யாரைப் பார்ப்பது, பேரியத்துக்குப் பதிலாக வரும் கலவையை எப்படிக் கையாள்வது என்பவையே அவருக்கு வேண்டியிருந்த செய்திகள். இவற்றுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் சிவகாசியிலேயே இருந்தார்கள். சொல்வதற்கு ஒரு பொதுமேடைதான் தேவைப்பட்டது.

இன்னொரு நடைமுறைச் சிக்கலையும் கவனிக்க வேண்டும். மருந்து அறைக்குள் கைப்பேசி உள்ளிட்ட மின்பொருள்களுக்கு அனுமதி இல்லை. வானொலிப் பெட்டிக்கும் இல்லை. எந்த வானொலியானாலும் தொழிலாளியை எட்டக்கூடிய நேரங்கள் இரண்டே: காலையில் ஆலை வேன் ஏறுமுன், மாலையில் வீடு திரும்பியபின். பகலில் ஆலை அலுவலகத்தில் ஒருவர் கேட்டு உள்ளே சொல்லியனுப்பலாம். வீட்டில் காகிதக் குழாய் உருட்டுவோருக்கும் அச்சக வேலை செய்வோருக்கும் இத்தடை இல்லை. வேலை நேரத்தை அறிந்து நிகழ்ச்சி நேரத்தை அமைப்பதும் உள்ளூர்ச்சேவையின் ஒரு பகுதியே. பல நாடுகளுக்கு ஒரே நேர அட்டவணை போடும் நிலையத்தால் அது ஆகாது.

முதலிப்பட்டி விபத்து

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் உள்ள பட்டாசு ஆலையில் பெரும் வெடிவிபத்து நேர்ந்தது. ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர். முதல் தீயைக் கண்டு உதவிக்கும், என்னவென்று பார்ப்பதற்கும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள் அடுத்தடுத்த வெடிப்பில் சிக்கினர் என்று அப்போதைய செய்திகள் தெரிவித்தன.

வானொலி ஒன்று இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது மிகை. புகையைக் கண்டவுடன் ஓடுகிறவர் பெட்டியைத் திருகிக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் தீப்பற்றிய பட்டாசு ஆலையில் முதல் வெடிப்போடு ஆபத்து முடிவதில்லை, தூரத்திலேயே நிற்க வேண்டும் என்ற அறிவு அந்த ஊர்களில் முன்பே பரவியிருக்க வேண்டியது. அதை ஆண்டு முழுவதும், அந்த ஊர்ப் பேச்சில், அந்த ஊர்க்காரரின் குரலில் சொல்லிக்கொண்டிருக்க ஏற்ற கருவி வானொலி. விபத்தன்று எந்தச் சாலையை மூடியிருக்கிறார்கள், காயம்பட்டவர்களை எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், எந்த வகை இரத்தம் தேவை என்பதை நொடிக்கு நொடி சொல்லவும் அது உதவும். முதலிப்பட்டியில் நடப்பதைச் சொல்ல முதலிப்பட்டிக்கு அருகில் ஒரு ஒலிவாங்கி வேண்டும். செயற்கைக்கோளின் உயரத்தாலோ கற்றையின் அகலத்தாலோ அந்தக் குறையை ஈடுசெய்ய முடியாது.

இடம் போதாத கற்றை

செயற்கைக்கோள் அலைவரிசைகளில் ஒன்றை விருதுநகருக்கே ஒதுக்கினால் என்ன என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி. ஆனால் இந்தியாவின் பரப்பு ஏறத்தாழ 32.87 லட்சம் சதுர கிலோமீட்டர்; விருதுநகரைப் போல் ஏறத்தாழ 780 மடங்கு. விருதுநகர் அலைவரிசை, அதைக் கேட்கத் தேவையில்லாத காஷ்மீரத்திலும் அசாமிலும் வானை அடைத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒன்று என்றாலே நூற்றுக்கணக்கான அலைவரிசைகள் வேண்டும். ஒரு கற்றையில் கிடைப்பவையோ சில பத்துகள். தரைக்கோபுரத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் அலை சிறிது தூரத்தில் தேய்ந்துவிடுவதால், 90.4 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவெண்ணை நாட்டின் பல ஊர்களில் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் பயன்படுத்த முடிகிறது. தூரம் போகாமை ஒரு குறைபோலத் தோன்றினாலும் உள்ளூருக்கு அதுவே வசதி.

அமெரிக்காவிலும் இதே தடை தெரிந்தது. அங்கு எக்ஸ்எம், சிரியஸ் நிறுவனங்கள் 2004இல் போக்குவரத்து, வானிலைத் தகவலுக்கான அலைவரிசைகளைத் தொடங்கின. அவை பெருநகரங்கள் சிலவற்றுக்கு மட்டுமே. உள்ளூர் நிலையங்கள் அதையும் எதிர்த்தன. சிவகாசி அளவிலான ஒரு ஊர் அந்த வரிசையில் இடம்பெறுவதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

செயற்கைக்கோள் கைகொடுத்த இடங்கள்

இதனால் செயற்கைக்கோளே பயனற்றது என்று முடிவுகட்டுவது தவறு. 2017 நவம்பர் இறுதியில் ஓக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் மீனவர் பலரைப் பலிகொண்டது. ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரையிலிருந்து சில கிலோமீட்டர் தாண்டினால் கைப்பேசிக்கு அலை கிடையாது. கோபுரம் நடவும் வழியில்லை. அதன்பின் 2019இல் 'ஜெமினி' என்ற சிறு கருவி அறிமுகமானது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அனுப்பும் எச்சரிக்கை, செயற்கைக்கோள் வழியாக இக்கருவிக்கு வந்து, மீனவரின் கைப்பேசித் திரையில் அவர் மொழியில் தெரியும். திரும்பிப் பதில் சொல்ல அதில் வழியில்லை. இருந்தும் ஆழ்கடலில் அது பெரும் துணை.

இலங்கையில் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனமும் சர்வோதய இயக்கமும் சேர்ந்து 32 கடலோரக் கிராமங்களில் எச்சரிக்கைக் கருவிகளைச் சோதித்தன. குறிப்பிட்ட கிராமத்தின் பெட்டியை மட்டும் தேர்ந்து ஒலிக்கச் செய்யக்கூடிய வேர்ல்டுஸ்பேஸ் கருவியும் அவற்றுள் ஒன்று. செயற்கைக்கோள் வானொலி உள்ளூருக்கு மிக நெருங்கி வந்தது அனேகமாக இந்த முயற்சியில்தான். ஆனாலும் அது ஒருவழிப்பாதை. செய்தி கிடைத்ததா என்று கிராமத்திலிருந்து அறிவதற்குத் தொலைபேசி வேண்டியிருந்தது. செய்தியைக் கேட்டபின் யார் யாரை எழுப்புவது, எந்த வழியாக வெளியேறுவது என்பதைக் கிராமத்தார்தான் முன்கூட்டியே முடிவுசெய்து பழகியிருக்க வேண்டும்.

ஆப்பிரிக்காவின் நைஜரில் மேற்கொள்ளப்பட்ட ரானெட் திட்டம் வேறொரு வழியைக் காட்டியது. வானிலைத் தகவல் வேர்ல்டுஸ்பேஸ் செயற்கைக்கோள் வழியாகச் சிற்றூர் நிலையத்துக்கு வரும். அங்குள்ளவர்கள் அதைத் தம் மொழியில் மாற்றி, சிறிய பண்பலைக் கோபுரத்திலிருந்து ஒலிபரப்புவார்கள். செயற்கைக்கோள் கால்வாய் போலவும் உள்ளூர் நிலையம் மடை போலவும் பணிசெய்த ஏற்பாடு அது. மடையைத் திறந்து எந்த வயலுக்கு எவ்வளவு என்று பார்ப்பவர் ஊரில்தான் இருக்க வேண்டும்.

இந்தியாவுக்கும் இந்தப் பாடம் புதிதன்று. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு நடந்த 'சைட்' சோதனையில் 6 மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி வந்தது. கோழிக்கூண்டு வலைக்கம்பியால் செய்த அலைவாங்கிகள் அதற்குப் போதுமாயிருந்தன. ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் திரும்பப் பெறப்பட்டது. அதே காலத்தில் குசராத்தின் கேடா மாவட்டத்தில் பிஜ் என்ற ஊரில் ஒரு சிறிய ஒளிபரப்பி வைத்து, அவ்வூர் மக்களையே நடிக்க வைத்து, அவர்கள் பேச்சுமொழியில் நிகழ்ச்சிகள் தயாரித்தனர். கேடா முயற்சி அதன்பின்னும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. 1984இல் யுனெஸ்கோ பரிசும் பெற்றது.

தரைக்கோபுரங்கள்

தமிழகத்தில் வானொலி ஊரோடு ஒட்டி வேலைசெய்ததற்குப் பழைய சான்று உண்டு. 1960களில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளால் தஞ்சை உழவர்களிடம் பரவிய ஏ.டி.டி. 27 இரகத்துக்கு அவர்களே 'ரேடியோ நெல்' என்று பெயரிட்டனர். வேளாண் அலுவலர்களும் உழவர்களும் அதே வட்டாரத்தில் இருந்து பேசியதால் அது நடந்தது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையத்தையும் அகில இந்திய வானொலி 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில்தான் தொடங்கியது.

விருதுநகர் மாவட்டத்துக்கு வாய்த்தவை பெரும்பாலும் அக்கம்பக்கத்து நிலையங்கள். திருநெல்வேலி, மதுரை வானொலிகளும், மலைமேல் இருப்பதால் நெடுந்தூரம் கேட்கும் கொடைக்கானல் பண்பலையும், மதுரையின் தனியார் பண்பலைகளும் இங்கு ஒலிக்கின்றன. தொலைபேசி நிகழ்ச்சிகளில் சிவகாசியிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் பேசி, பிடித்த பாட்டைக் கேட்டு வாங்குகிறவர்கள் ஏராளம். பாட்டுக்கு அப்பால் அவர்கள் ஊர்ப் பிரச்சினைக்கு அங்கே நேரம் கிடைப்பது அரிது.

சமுதாய வானொலி இந்த இடைவெளிக்கென்றே வந்த ஏற்பாடு. வான் அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் கூறியது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியைத் தொடங்கியது. 2006இல் தன்னார்வ அமைப்புகளுக்கும் வாய்ப்புத் திறந்தது. தெலங்கானாவின் மச்னூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் வானொலி 2008இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. உரிமம் கிடைக்காத ஆண்டுகளில் அப்பெண்கள் சும்மா இருக்கவில்லை. நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து, ஊர்க்கூட்டங்களில் ஓடவிட்டார்கள். பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் 'கடல் ஓசை' மீனவர்களுக்குக் காற்று, அலை நிலவரம் முதல் கடல்வளப் பாதுகாப்பு வரை அவர்கள் பேச்சிலேயே சொல்கிறது.

இந்நிலையங்களின் ஒலிபரப்பு வலிமை பொதுவாக 100 வாட். எட்டும் தூரம் 5 முதல் 10 கிலோமீட்டர். சுற்றிலும் 10 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு நிலையம் 314 சதுர கிலோமீட்டரை எட்டும். விருதுநகர் மாவட்டம் முழுவதற்கும் 13 அல்லது 14 நிலையங்கள் வேண்டும். பட்டாசு ஆலைகள் நெருங்கியுள்ள பகுதிக்கு மட்டும் என்றால் இரண்டு மூன்று போதும். எட்டாக்கனியான எண் அன்று. கடினமானது அன்றாடம் நடத்துவது. மின்சாரம், சம்பளம், கருவி பழுது என்று மாதச் செலவு உண்டு. சமுதாய வானொலி தானாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அரசு அனுமதிப்பதில்லை; அகில இந்திய வானொலியின் செய்தியை எடுத்து ஒலிபரப்பலாம். வானிலை, பேரிடர், போக்குவரத்து, வேலைவாய்ப்பு போன்ற தகவல்களுக்குத் தடையில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. ஆலை உரிமையாளர்களின் நன்கொடையில் ஓடும் நிலையம், ஓர் அறையில் அளவுக்கு மேல் ஆட்களை உட்காரவைப்பது பற்றியோ உள்குத்தகை பற்றியோ வாய்திறக்குமா? உள்ளூரில் இருப்பதாலேயே ஒரு நிலையம் உள்ளூர் மக்களுக்கு உரியதாகிவிடாது. நிர்வாகக் குழுவில் தொழிலாளர்களும், குறிப்பாகப் பெண்களும் இருக்கிறார்களா என்பதைப் பார்க்க வேண்டும்.

கைப்பேசி இருக்கும்போது வானொலி எதற்கு என்பாரும் உளர். 2023இல் நாடெங்கும் சோதிக்கப்பட்ட செல் ஒலிபரப்பு எச்சரிக்கை, குறிப்பிட்ட கோபுரங்களின் எல்லைக்குள் உள்ள எல்லாக் கைப்பேசிகளையும் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யும். அவசரத்துக்கு அது மிக நல்லது. நின்று விளக்கவும் கேள்விக்குப் பதில் சொல்லவும் அதனால் ஆகாது. ஊர்ச்செய்தி சொல்லிய தண்டோராவைத் தமிழக அரசு 2022இல் கைவிடச் சொன்னது. பறை அடிப்பவரை ஒரு சாதியோடு கட்டிப்போட்ட வழக்கம் என்பதால் அது சரியான முடிவே. அதன் இடத்தை ஒலிபெருக்கி வண்டி எடுத்துக்கொண்டது. அதுவும் ஒருமுறை சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போய்விடுகிறது.

செயற்கைக்கோளுக்கும் இதில் பங்கு உண்டு. வானிலை ஆய்வு மையம் அடுத்த 3 மணி நேரத்துக்கு வெளியிடும் முன்னறிவிப்பு முகில்களைச் செயற்கைக்கோளும் ராடாரும் பார்ப்பதால் கிடைப்பது. அது ஒரு சிவகாசி நிலையத்துக்கு வந்துசேர்ந்தால், எந்த ஊர்ப்பக்கம் மேகம் திரள்கிறது என்று அங்குள்ளவர் சேர்த்துச் சொல்லலாம். கேட்பதற்குப் பெரிய செலவும் இல்லை. செவிப்பொறிக் கம்பியைச் செருகினால் பல சாதாரணக் கைப்பேசிகளிலேயே பண்பலை கேட்கும். புதிதாக வரும் கைப்பேசிகள் சிலவற்றில் அந்த வசதி நீக்கப்பட்டு வந்ததால், அதை முடக்காமல் தரவேண்டும் என்று ஒன்றிய அரசு 2023 ஏப்ரலில் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. பேரிடர்க் காலத்தில் இணையம் அறுந்தாலும் பண்பலை கேட்கும் என்பதே அதற்கு அரசு சொன்ன காரணம்.